தலைப்பின் கீழ் நான் சேர்த்த ஒரு வரி

பத்திரிகை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். பக்கம் கட்டுவது, பிழை திருத்துவது, கதையைச் சுருக்குவது இதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்லித்தர உங்கள் ஆபீசிலேயே ஆள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒரு வியாதியைப் பற்றி. உதவி ஆசிரியன் என்கிற ஜீவனுக்கு மட்டுமே வருவது. எதிலும் மாட்டிக்கொள்ளாமல் இருக்கவேண்டும் என்கிற வியாதி. "என்று சொல்லப்படுகிறது", "என்று தெரியவருகிறது" என்றெல்லாம் எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகிறீர்களே, அதுதான். எனக்கு அது நன்றாக முற்றியிருந்த காலத்தில் ஒரு காரியம் செய்தேன். சிரிக்கிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த மாதப் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தேன். மாடியில் ஆபீஸ், கீழே அச்சுக்கூடம். மாடியில் ஆசிரியரும் நானும்தான். கீழே எழுத்துக் கோப்பவர்களும் அவர்களுக்குத் தலைவரான ஃபோர்மனும். மெஷின் ஓடுகிறபோது மேஜைமேல் வைத்த காபி டம்ளர் தானாக என் பக்கம் நகர்ந்து வரும். அது ஒன்றுதான் அந்த ஆபீசில் கேட்காமல் என்னிடம் வந்தது.

ஆசிரியர் நல்ல மனுஷர். தியாகராய நகரில் புதிதாக வீடு கட்டிக்கொண்டு போயிருந்தார். அங்கே அப்போது ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் நாலு காலி மனை கிடக்கும். ஏரியாக இருந்த இடம் கண்ணெதிரே ஊராகிறதைப் பார்த்ததில் அவருக்கு எதிர்காலத்தின்மேல் ஒரு பித்தே பிடித்துவிட்டது. வருஷாவருஷம் நடக்கிற சிறுகதைப் போட்டிக்கு அந்த வருஷம் அவரே ஒரு விஷயம் கொடுத்துவிட்டார். "நூறு வருஷத்துக்குப் பிறகு சென்னை." முதல் பரிசு ஒரு வெள்ளிப் பதக்கம். விதிகள் பழையவைதான். கதை சொந்தக் கற்பனையாக இருக்கவேண்டும், ஒருதடவை திருப்பி அனுப்பப்பட்ட கதையை மறுபடி அனுப்பக்கூடாது.

போட்டிக்கு நடுவர் ஒருவரே. காலேஜில் முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்று, மாட வீதியில் இருந்தவர். விமரிசகர். அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எங்கள் பத்திரிகையில் அவர் மதிப்புரை எழுதினால் புத்தகம் எழுதினவர்கள் ஒரு மாதம் வெளியே தலைகாட்டமாட்டார்கள். ஆனால் அவரைப்போல ஒரு வரி விடாமல் படிக்கிற மனுஷரை நான் அப்புறம் பார்த்ததில்லை. காலையில் கைப்பிரதிகளை எடுத்துக்கொண்டு குளத்தைச் சுற்றி நடந்துகொண்டே படிப்பார். கண் காகிதத்தில், கால் தன்பாட்டில். காய்கறிக்காரிகள் கூடையை நகர்த்தி வழிவிடுவார்கள். ஒவ்வொரு கதைக்கும் இரண்டு வரி ஒரு நோட்டில் எழுதிவைப்பார். போட்டி முடிந்ததும் அந்த நோட்டு எங்கள் அலமாரிக்கு வந்துவிடும். எனக்கு அவர்மேல் பயம், பிரியம் இரண்டும் இருந்தன. அவர் "பரவாயில்லை" என்று சொன்னால் அன்றைக்கு என் அறை இருந்த திருவல்லிக்கேணிக்கு நடந்தே போவேன்.

கதைகள் வந்து குவிந்தன. எழுதினவரின் பெயரையும் விலாசத்தையும் கத்தரித்து எடுத்துவிட்டு, நம்பர் ஒட்டி, பெயர்ப் பட்டியலை என் டிராயரில் பூட்டி வைப்பது என் வேலை. யார் எழுதினது என்று நடுவருக்குத் தெரியக்கூடாது என்பது எங்கள் பத்திரிகையின் பெருமை. நூறு வருஷம் கழித்துச் சென்னையில் என்ன இருக்கும் என்று நம் எழுத்தாளர்கள் ஏகமனதாக முடிவு செய்திருந்தார்கள். ஆகாய விமானம் இருக்கும். மாப்பிள்ளை தலைதீபாவளிக்கு விமானத்தில் வந்து மொட்டைமாடியில் இறங்குவார். மாமியார் அப்போதும் இதே மாமியார்தான். இப்படி ஏழெட்டு மாப்பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள்.

இருபத்தேழாம் நம்பர் கதையின் பெயர் "தெருக்குழாய்". அதில் விமானம் கிடையாது. நூறு வருஷம் கழித்துத் தண்ணீர் ஏராளமாகக் கிடைக்கிறது, நேரம்தான் பஞ்சம். சர்க்கார் நேரத்தைக் குழாயில் விடுகிறது. பெரிய வீடுகளுக்குள் குழாய் உண்டு. மற்றவர்களுக்குத் தெருமுனையில் ஒன்று, காலையில் சிறிது போதுக்கு மட்டும். ஒரு பெண்ணின் குழந்தை காய்ச்சலில் கிடக்கிறது. குழந்தைக்கு நேரம் கொஞ்சம்தான் மிச்சம். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறாள். அவள் முறை வரும்போது குழாய் நின்றுபோகிறது. முன்னால் பிடித்துக்கொண்டவர்கள் பார்க்கிறார்கள். ஒவ்வொருவராக வந்து, தங்கள் குடத்திலிருந்து ஒரு செம்பு அவள் குடத்தில் ஊற்றுகிறார்கள். அவள் ஓடுகிறாள்.

முடிவை அப்புறம் சொல்கிறேன். எழுத்து கரடுமுரடாக இருந்தது, பேசுகிற பேச்சு அப்படியே வந்திருந்தது. படித்து முடித்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். நாம் ஒரு பெரிய கதையைக் கையில் வைத்திருக்கிறோம் என்று எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

விமரிசகர் முடிவைச் சொல்ல வந்த அன்றைக்கு ஆசிரியர் ஊரில் இல்லை. மைத்துனன் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிருந்தார், திரும்ப இரண்டு வாரம் ஆகும். விமரிசகர் இருபத்தேழாம் நம்பரை எடுத்து மேஜையில் தனியாக வைத்தார்.

"இதுக்குத்தான் குடுத்திருக்கணும். குடுக்க முடியாது" என்றார்.

"ஏன் சார்?"

"இதை நான் முன்னாடியே படிச்சிருக்கேன்ப்பா. இங்கிலீஷ்ல வந்த கதை. புஸ்தகம் பேர்தான் ஞாபகத்துக்கு வரமாட்டேங்கறது."

"நிச்சயமாகத் தெரியுமா சார்?"

"பாதியிலேயே தெரிஞ்சுபோச்சு, கடைசி ரெண்டு பக்கம் நான் இன்னும் படிக்கலை. முடிவு சொல்லட்டுமா?" என்றார். சொன்னார். அந்தப் பெண் வீட்டுக்கு ஓடிவரும்போது குழந்தை போய்விட்டிருக்கிறது. குடம் நிறைய நேரம் இருக்கிறது, கொடுக்கத்தான் ஆளில்லை. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போய், யார் யார் எவ்வளவு ஊற்றினார்களோ அதை அவரவர் பாத்திரத்தில் திருப்பி ஊற்றிவிட்டு வருகிறாள்.

கைப்பிரதியைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மயிரிழை பிசகவில்லை. இனி இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

இப்போது அன்றைய நிலைமையைக் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். அந்த நாளில் தழுவல் என்பது கெட்ட வார்த்தை அல்ல. மாதாமாதம் நாங்கள் போட்ட கதைகளில் பாதி கடல் தாண்டி வந்து வேட்டி கட்டிக்கொண்டவை. யோக்கியர்கள் தலைப்புக்குக் கீழே "தழுவல்" என்று போட்டுவிடுவார்கள். மற்றவர்கள் மறந்துவிடுவார்கள். வாசகர் யாராவது கண்டுபிடித்து மூலக்கதையின் பெயரோடு கடிதம் எழுதினால் பத்திரிகையின் மானம் போகும். ஆசிரியர் பயப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். கீழே ஃபோர்மன் முதல் பக்கத்துக்குக் கதை கேட்டுக்கொண்டிருந்தார். நான் "தெருக்குழா"யை அவசரப்பட்டு, கைப்பிரதி நடுவரிடம் போகுமுன்பே நகல் எடுத்துக் கோக்கக் கொடுத்துவிட்டேன். எழுத்தெல்லாம் அடுக்கித் தயாராக இருந்தது.

"இன்னா சார், பக்கத்த முடிக்கட்டுமா வாணாமா? மெஷின் சும்மா நிக்கிது" என்று ஃபோர்மன் படியில் நின்று குரல் கொடுத்தார்.

நான் என்னை மகா புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். பதக்கத்தை ஒரு விமான மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுவது. "தெருக்குழா"யை விட மனசில்லை, அதையும் போடுவது. தலைப்புக்குக் கீழே, எழுதினவர் பெயருக்கு மேலே, சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்ப்பது. "ஓர் ஆங்கிலக் கதையின் தழுவல்." இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று தோன்றியது. திருட்டு என்று சொல்லவில்லையே, அவருக்கு உபகாரமல்லவா செய்திருக்கிறேன் என்றுகூட நினைத்தேன். பூட்டின டிராயரைத் திறந்து விலாசம் பார்த்தேன். தேனாம்பேட்டை. ஒரு கார்டு போட்டிருந்தால் மறுநாள் பதில் வந்திருக்கும். சைக்கிளில் போயிருந்தால் அரைமணி. நான் செய்யவில்லை. பெயரை மட்டும் எழுதிக்கொண்டு டிராயரை மூடினேன். இன்றைக்கும் இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதழ் வந்த நாலாம் நாள் காலையில் ஒருவர் படியேறி வந்தார். நாற்பது வயதிருக்கும். தொப்பி, வெளுத்த கோட்டு, கையில் எங்கள் பத்திரிகை. தேனாம்பேட்டையில் கடிகாரம் பழுதுபார்க்கிற காசிம் சாயபு என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். நான் நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை. பத்திரிகையை விரித்து அந்த வரிமேல் விரலை வைத்தார்.

"இது இன்னா சார் போட்டுக்கீது? எனக்குப் படிச்சிக் காட்டுங்க."

படித்தேன்.

"எந்த இங்கிலீஷ் கத சார்? புக்கு இருந்தா காட்டுங்க, நானும் பாக்கறேன். எனக்கு இங்கிலீஷ்ல மணி பாக்கத் தெரியும், அவ்ளோதான்."

சண்டைக்கு வந்தவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் பேசினார். நான் ஏதோ நடுவர், மூலம், பத்திரிகையின் கௌரவம் என்று அளந்தேன். அவர் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டார்.

"மூணு வருசம் முன்ன கோடையில எங்க தெருவுல கொழாய்ல தண்ணி வர்லே சார். எம் பொண்ணுக்குக் காய்ச்சல். தலைக்கு ஈரத்துணி போட்டுக்கினே இரு, வுட்டா பொழைக்காதுன்னு டாக்டரு சொல்ட்டாரு. எங்க ஊட்டுல கொடத்த எடுத்துக்கினு போயி நின்னுச்சு. அது மொற வர்றப்ப கொழா நின்னுபோச்சு. தெருவுல அத்தினி பேரும் ஆளுக்கு ஒரு சொம்பு ஊத்துனாங்கோ. அது ஊட்டுக்கு வர்றதுக்குள்ள பொண்ணு பூட்டா. அந்தத் தண்ணிய எங்க ஊட்டுல இன்னா பண்ணுச்சு தெரியுமா? ஊடு ஊடா போயி திருப்பி ஊத்திட்டு வந்துச்சு. அத்த நான் எப்டி சார் அப்டியே எழுதறது? அதான் தண்ணிக்குப் பதிலா நேரம்னு எழுதுனேன். எம் பொழப்பே நேரந்தானே." அவர் விரல் அந்த வரியிலேயே இருந்தது. "பக்கத்து ஊட்டுப் பையன் படிச்சிட்டு, இது வெள்ளக்காரன் கதைன்னு எங்க ஊட்டுல சொல்ட்டான். எம் பொண்ணு செத்தது வெள்ளக்காரன் கதையா சார்?"

அப்போதும் என் வியாதி விடுமா? நடுவர் கடைசிப் பக்கத்தைப் படிக்காமலே முடிவைச் சொன்னாரே, அது எப்படி என்று கேட்டேன். கேட்டேன் என்றால், என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கேட்டேன்.

அவர் முகம் மாறியது. அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடிமேல் வைத்தார்.

"ஒரு தப்பு பண்ணிட்டேன் சார். போன வருசமே இத்த அனுப்சேன். திரும்பி வந்துச்சு. திரும்பி வந்தத மறுக்கா அனுப்பக்கூடாதுன்னு ரூல் போட்டுக்கீது. இந்த வருசம் நூறு வருசம் கழிச்சின்னு போட்டீங்களா, மனசு கேக்கல. கதையோட பேர மாத்தி அனுப்சிட்டேன். மெடல் வாணாம். திருடன்னு மட்டும் போடாதீங்கோ."

முந்தின வருஷம் நான் அங்கே வேலையில் இல்லை. அலமாரியைத் திறந்து அந்த வருஷத்து நோட்டை எடுத்தேன். பத்துப் பன்னிரண்டு பக்கம் தள்ளி, விமரிசகரின் சாய்ந்த கையெழுத்தில் இருந்தது. "குழாயில் தண்ணீருக்குப் பதில் நேரம் வருகிறதாம். வீண் கற்பனை. நடை கொச்சை. திருப்பி அனுப்பலாம்."

அவர் அந்தக் கதையைப் படித்துத்தான் இருந்தார். எங்கள் ஆபீஸ் கைப்பிரதியிலேயே படித்திருந்தார். வேண்டாம் என்று தள்ளிவிட்டார், ஆனால் அது அவரை விட்டுப் போகவில்லை. மறுபடி கண்ணில் பட்டதும், இவ்வளவு நன்றாக ஞாபகமிருக்கிறதே, எங்கேயோ பெரிய இடத்தில் படித்ததாகத்தான் இருக்கவேண்டும் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். சாயபுவிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். "சரி சார்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கிப்போனார்.

மத்தியானம் ஆசிரியர் கும்பகோணத்திலிருந்து வந்து சேர்ந்தார். நோட்டைக் காட்டினேன். அவருக்கு வியர்த்துவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை அடையாறில் ஒரு கனவானின் தோட்ட வீட்டில் பரிசளிப்பு. விமரிசகர்தான் பேசப்போகிறவர்.

"இதோ பாருய்யா, அடுத்த இதழ்ல கடைசிப் பக்கத்துல நாலு வரி போட்டுடலாம். 'சென்ற இதழில் தவறுதலாக'ன்னு. பொடி எழுத்துல. பெரியவருக்கு இது தெரியவே வேண்டாம். அறுபத்தஞ்சு வயசு மனுஷனுக்கு ஞாபகம் தப்பிப்போச்சுன்னு ஊருக்குச் சொல்லப்போறியா? அந்த சாயபும் விதியை மீறினவர்தானே, அவர் பேசமாட்டார்."

ஆசிரியர் சொன்னதில் தப்பென்று ஒன்றும் இல்லை. யாருக்கும் நோகாது. நான் அந்த வரியைச் சேர்த்தபோது யோசித்ததும் இதேமாதிரிதான் என்று நினைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்கப்புறம் அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. விமரிசகரிடம் சொன்னால் என்ன ஆகும்? என்மேல் பாயலாம். ஆசிரியரிடம் சொல்லி என்னை அனுப்பிவிடலாம். அதையெல்லாம்விட, அவர் மனசு உடைந்துபோனால் நான் என்ன செய்வேன் என்பதுதான் பெரிய பயமாக இருந்தது. சொல்லாவிட்டாலோ, தேனாம்பேட்டையில் ஒரு அம்மாள் தன் குழந்தையின் கதை வெள்ளைக்காரனுடையது என்று நம்பிக்கொண்டிருப்பாள். பொடி எழுத்து நாலு வரி அவள் வீடுவரை போகாது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் குளக்கரைக்குப் போனேன். விமரிசகர் வழக்கம்போல ஏதோ காகிதத்தில் கண்ணைப் பதித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். கூடவே நடந்தேன்.

"என்னப்பா, ஆபீஸ் இடம் மாறிடுத்தா?" என்றார் நிமிராமல்.

சாயபு வந்ததிலிருந்து எல்லாம் சொன்னேன். நான் விலாசம் தெரிந்தும் கேட்காமல் வரியைச் சேர்த்ததை முதலில் சொன்னேன். பிறகு நோட்டை விரித்து நீட்டினேன். அவர் நின்றார். அந்த மனுஷர் பாதிச் சுற்றில் நின்று நான் பார்த்ததேயில்லை. ஒரு பூக்காரி, "சாமி, உடம்புக்கு இன்னா?" என்று கேட்டாள்.

"என் கையெழுத்துதான்" என்றார். நோட்டை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். கிழக்கு மூலைக்கு வந்ததும் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஒரு வருஷமா அந்தக் கதை என்னோடயே இருந்திருக்குடா. குடத்தைத் தூக்கிண்டு அவ வீடுவீடாப் போறதை நான் எத்தனை தடவை நெனச்சிருப்பேன் தெரியுமோ? நன்னா இருந்ததோன்னோ, அதனால இங்கிலீஷ்னு முடிவு கட்டிட்டேன். தேனாம்பேட்டைன்னு நேக்குத் தோணவே இல்லை பாரு. முப்பது வருஷம் பசங்களுக்கு இலக்கியம் சொல்லிக்கொடுத்த லட்சணம் இது."

"ஆசிரியர் உங்களிடம் சொல்லவேண்டாம் என்றார் சார்."

"அவன் கெடக்கான். வா, அந்தச் சாயபு எங்கே இருக்கார்னு காட்டு. ஆத்துக்குப் போய்ச் சட்டையை மாட்டிண்டு வந்துடறேன்."

அவர்மேல் எனக்கு அதுவரை இருந்தது பிரியம் என்றால், அன்றைக்கு வந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

வீட்டின் முன்பக்கத்தில்தான் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் பல்சக்கரங்கள், சுவரில் ஆளுக்கொரு மணி காட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து கடிகாரங்கள். உள்ளே போகிற வாசலில் ஒரு திரை. விமரிசகர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நின்றார்.

"நான்தான் ஜட்ஜ். உங்க கதையை ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டு தடவையும் தப்புப் பண்ணினேன். மொதல் தடவை குப்பைன்னு சொன்னேன், ரெண்டாம் தடவை திருட்டுன்னு சொன்னேன். ரெண்டும் இல்லை. நான் பார்த்த கதையிலேயே உசந்த கதை அது. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

சாயபு பதறிப்போய் முக்காலியைத் துடைத்துப் போட்டார். "குந்துங்க சாமி. பெரியவங்க நிக்கிறீங்களே."

"போன வருஷம் ஏன் தள்ளினேன்னு கேக்கமாட்டேளா?"

"ஏன் சாமி?"

"நடை கொச்சைன்னு எழுதினேன்."

"கொச்சதான் சாமி. எங்க பேச்சே அப்டித்தானே கீது" என்றார் சாயபு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது விமரிசகர்தான். அதற்கப்புறம் இறுக்கம் தளர்ந்துவிட்டது.

பதக்கம் தரமுடியாது, விதி விதிதான் என்று விமரிசகர் மறைக்காமல் சொன்னார். பதக்கம் வேண்டாம், அந்த வரி போனால் போதும் என்றார் சாயபு. விற்றுப்போன இதழ்களைத் திரும்ப வாங்கமுடியாது, ஆனால் அடுத்த இதழில் முழுக்கதையையும் முதல் பக்கத்திலிருந்து மறுபடி போடமுடியும், அந்த வரி இல்லாமல் என்று நான் சொன்னேன். ஆசிரியர் சம்மதித்தாரா என்று யாரும் கேட்கவில்லை. "அவனை நான் பார்த்துக்கறேன்" என்றார் விமரிசகர்.

திரைக்குப் பின்னாலிருந்து தணிந்த குரலில் உருதுவில் ஏதோ கேட்டது. சாயபு அங்கே போய்க் காதுகொடுத்துவிட்டுத் திரும்பினார்.

"அந்த வரிய எடுத்துட்டா அந்த எடம் சும்மாத்தானே கெடக்கும்னு கேக்குது."

"ஆமாம், காலியாகத்தான் இருக்கும்" என்றேன்.

சாயபு கொஞ்சம் தயங்கினார். "அங்க பாப்பா பேர போடலாமான்னு கேக்குது."

விமரிசகர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "போடலாமோல்லியோ?" என்று என்னைக் கேட்டார். பத்திரிகையில் அப்படி ஒரு வழக்கம் அதுவரை கிடையாது. ஆசிரியரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய்வரை வந்துவிட்டது.

"போடலாம். பேர் சொல்லுங்க" என்றேன்.

"ஜுலேகா" என்று திரைக்குப் பின்னாலிருந்தே பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அடையாறில் விமரிசகர் பேசினதைக் கேட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும். ஆலமரத்தடியில் ஜமக்காளம் விரித்திருந்தது. ஆசிரியர் முன்வரிசையில் வேப்பெண்ணெய் குடித்தவர்போல உட்கார்ந்திருந்தார். விமரிசகர் எழுந்து, தான் செய்த இரண்டு தவறுகளையும் தேதி வாரியாகச் சொன்னார். பிறகு அந்தக் கதையைக் காகிதம் இல்லாமலே முழுவதும் சொன்னார். பதக்கம் வாங்க வந்திருந்த விமான மாப்பிள்ளைக் கதாசிரியர், எங்கே பிடுங்கிக்கொண்டுவிடுவார்களோ என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக் கையை வைத்துக்கொண்டார் பாவம். ஞாபகம் தப்பிவிட்டது என்று யாரும் விமரிசகரைச் சொல்லவில்லை. ஆசிரியரே திரும்பி வரும்போது, "முழுக்கதையும் போடு, முதல் பக்கம்" என்றார், அது தன் யோசனை மாதிரி. சாயபு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் கூட்டம் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

அடுத்த இதழுக்கு முதல் பக்கம் கோத்து முடிந்ததும் திருத்தம் பார்க்க ஒரு பிரதி எடுத்துக்கொடுத்தார் ஃபோர்மன். ஈரம் காயாத தாள். அதைச் சைக்கிளில் தேனாம்பேட்டைக்கு எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை எழுதினவரைக் கேட்காமல் ஒரு புள்ளியும் போடுவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். சாயபு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு தலைப்பிலிருந்து கடைசி வரிவரை பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு தாளைத் திரையின் ஓரமாக நீட்டினார். வளையல் போட்ட ஒரு கை அதை வாங்கிக்கொண்டது.

"பேரு எங்க கீது?" என்று உள்ளேயிருந்து கேட்டது. அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

சாயபு கையை உள்ளே விட்டுக் காட்டினார். தாள் திரும்பி வரவில்லை. சுவரில் கடிகாரங்கள் ஓடுகிற சத்தம் மட்டும்தான். நான் காத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாள் இல்லாமல் ஆபீசுக்குத் திரும்பக்கூடாது. திருத்தின பிரதியைப் பார்க்காமல் ஃபோர்மன் மெஷினை ஓட்டமாட்டார், அது அவர் சட்டம்.

"சார், அந்தக் காயிதம்..." என்று சாயபு எழுந்தார்.

"இருக்கட்டும்" என்றேன்.

ஆபீஸ் படியேறும்போதே ஃபோர்மன், "புரூஃப் எங்க சார்?" என்றார். என் கை காலியாக இருந்தது. "திருத்தம் ஒன்றும் இல்லை, ஓட்டுங்க" என்று சொன்னேன். அவர் என்னை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மெஷினை ஓட்டச் சொன்னார்.